வயல் எலியும் சிறு தோட்டாவும்

சென்ற ஆண்டு என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாயின் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை அவர். இப்பொழுது கனடா நாட்டின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு பெரிய கோதுமைப் பண்ணையில் பணிபுரிகிறார். நலம் விசாரித்த பின்பு அவர் இவ்வாறு எழுதியிருந்தார்: "ஐயா, இங்கே 'கோபர்' என்று அழைக்கப்படும் தரை அணில்கள் இளம்பயிரைத் தின்று அழிக்கின்றன. அவற்றைச் சுட எந்தத் தோட்டா ஏற்றது என்று பண்ணையில் நாள்தோறும் வாதம் நடக்கிறது. நம் ஊரிலும் எலி நெல்லை அறுக்கிறது. ஆனால் எலிக்கு எவரும் துப்பாக்கி எடுத்து நான் பார்த்ததில்லை. அது ஏன்?"

ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்றுதான் எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. தோட்டாவின் வரலாறு, நிலத்தின் அமைப்பு, விலங்கின் இயல்பு, நாட்டின் சட்டம் ஆகிய நான்கும் அக்கேள்விக்குள் பின்னிக் கிடந்தன. அவருக்கு எழுதிய விடையையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் இங்கே கூறுகிறேன்.

முதலில் தோட்டாவின் கதையைப் பார்ப்போம். பழைய துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் தனித்தனியே இருந்தன. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் கெட்டித்து, அதன் பின்பே சுடவேண்டும். மழை பெய்தால் மருந்து நமுத்துவிடும். இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பலர் முயன்றனர். பாரிஸ் நகரில் பிளோபேர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் 1845ஆம் ஆண்டில், வெடிக்கும் சிறு உலோகக் குல்லாய் ஒன்றின் வாயிலேயே ஒரு சின்னஞ்சிறு குண்டைப் பொருத்தினார். வீட்டுக் கூடத்தில் குறிபார்த்துச் சுட்டு விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவரின் நிறுவனம் அதை மேலும் வளர்த்து, மெல்லிய செப்புக் கூட்டில் மருந்தும் குண்டும் ஒன்றாய் அமைந்த தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அந்தத் தோட்டாவின் அடிப்பாகத்தில் சிறிய விளிம்பு ஒன்று உண்டு. தட்டினால் தீப்பற்றும் மருந்து அவ்விளிம்பின் உட்புறத்தில் வட்டமாகப் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப்பொறி எழுந்து, உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து, குண்டு பாய்ந்து செல்லும். பெரிய தோட்டாக்களில் ஊசி அடிப்பாகத்தின் நடுவே தாக்கும். இதில் விளிம்பில் தாக்கும். வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இதன் விளைவுகள் பல. ஊசி நசுக்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய கூடு பேரழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இவ்வகைத் தோட்டா என்றும் சிறியதாகவே நின்றுவிட்டது. அதன் குறை எதுவோ அதுவே அதன் சிறப்பும் ஆயிற்று. விலை குறைவு, ஓசை குறைவு, தோளில் உதைப்பதும் குறைவு. பள்ளிப் பருவத்தினரும் அதைக் கையாளலாம்.

1887இல் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'லாங் ரைபிள்' என்ற தோட்டாவை வெளியிட்டது. அங்குலத்தில் 0.22 பங்கு, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் குறுக்களவு. குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் அளவு, அதாவது ஏறக்குறைய ஒலியின் வேகம். இன்றுவரை உலகெங்கும் பெருவழக்கில் உள்ள தோட்டா இதுவே. 1959இல் வின்செஸ்டர் நிறுவனம் அதே குறுக்களவில் நீண்ட கூடும் மிகுந்த மருந்தும் கொண்ட 'மேக்னம்' தோட்டாவைக் கொணர்ந்தது. அதன் வேகம் வினாடிக்கு 570 மீட்டர் அளவு. 2002இல் ஹார்னடி நிறுவனம் 0.17 அங்குலக் குண்டுடன் மற்றொன்றை வெளியிட்டது. அக்குண்டின் எடை சுமார் 1.1 கிராம், வேகமோ வினாடிக்கு 770 மீட்டருக்கும் மேல்.

இம்மூன்றில் எதைத் தேர்வது என்பதே அந்தப் பண்ணையில் நடக்கும் வாதம். மெதுவான லாங் ரைபிள் குண்டு வில்லாய் வளைந்து செல்லும். 50 மீட்டருக்குக் குறிசெய்த துப்பாக்கியால் 100 மீட்டரில் சுட்டால், குண்டு 15 சென்டிமீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துவிடும். தரை அணில் நிமிர்ந்து நின்றாலும் ஏறத்தாழ ஒரு சாண் உயரந்தான். ஆகவே தொலைவைத் தவறாகக் கணித்தால் குறி தப்பும். அதனினும் கொடியது, விலங்கு பாதி உயிரோடு வளைக்குள் சென்று துடிக்கும். 0.17 குண்டு அந்தத் தொலைவுக்கு ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்கிறது. ஆனால் அதன் விலை கூடுதல். இன்னொன்றும் உண்டு. கனமும் மெதுவும் ஆன ஈயக்குண்டு இறுகிய தரையில் பட்டால் தெறித்து எங்கோ போகும்; இலேசும் வேகமும் ஆன குண்டு பட்ட இடத்திலேயே பெரும்பாலும் சிதறிவிடும். எனினும் எந்தக் குண்டையும் நம்பிவிடலாகாது. சிறு தோட்டா என்று நாம் அலட்சியமாகக் கூறும் லாங் ரைபிள் குண்டே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழவல்லது.

கனடாவின் சமவெளியில் இத்தேர்வு ஏன் எழுகிறது? அங்கே நிலம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாக அளக்கப்பட்டது. ரிச்சர்ட்சன் தரை அணில் என்று நூல்களில் பெயர்பெற்ற அவ்விலங்கு பகலில் நடமாடுவது. குட்டையான புல்வெளியில் வளையின் வாயிலில் தூண்போல் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்ப்பது அதன் வழக்கம். பகல் வெளிச்சம், திறந்த வெளி, ஆளற்ற பரப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த இடத்தில் துப்பாக்கிதான் கைக்கு வரும்.

ஆனால் அங்கும் துப்பாக்கி ஒன்றே ஆயுதமாக இருந்ததில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், கோதுமையைக் காக்கும் பொருட்டு, மே 1ஆம் நாளை 'கோபர் நாள்' என்று சஸ்காட்சுவானில் அறிவித்தனர். பள்ளிப் பிள்ளைகள் அணியணியாகப் புறப்பட்டு இலட்சக்கணக்கில் தரை அணில்களைக் கொன்றனர். வால்களைக் கொண்டுவந்து எண்ணிக் கணக்குக் கொடுத்தனர்; போட்டியும் பரிசும் இருந்தன. அதன் பின்பும் தரை அணில்கள் குறைந்தபாடில்லை, இன்றும் வாழ்கின்றன. பல்லாண்டுகள் எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்டிரிக்னைனைத் தீனியில் கலந்து வைத்தனர். அந்நஞ்சு தின்ற அணிலோடு நிற்கவில்லை. அணிலைத் தின்ற சிறு நரியையும் ஆந்தையையும் சேர்த்துக் கொன்றது. ஆகவே அதன் அனுமதியை நீக்கக் கனடா அரசு 2020இல் முடிவு செய்து, 2023 மார்ச்சுவரை மட்டுமே பயன்படுத்தத் தவணை அளித்தது. தரை அணில் தோண்டிய பழைய வளைகளில்தான் அந்நாட்டில் அருகிவரும் வளை ஆந்தை கூடமைக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1917ஆம் ஆண்டின் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. காரணம், அதே பிழையை நானும் செய்திருக்கிறேன்.

நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், பள்ளியைச் சுற்றியிருந்த வயல்களில் எலித்தொல்லை மிகுந்திருந்தது. பத்து எலிவால் கொண்டுவருபவனுக்கு ஒரு பென்சில் என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு உழவின் அருமையை ஊட்டுகிறோம் என்ற பெருமிதம் எனக்கு. மூன்றாம் நாள் மாலை, வரப்பிலிருந்த வளையொன்றில் கைவிட்ட சிறுவனை நாகம் தீண்டியது. எலி வளையில் எலி மட்டுமே இருக்கும் என்பது பாடநூல் அறிவு. எலியைத் தேடிப் பாம்பும் வரும் என்பது வயலின் அறிவு. கட்டை வண்டியிலும் பின்பு பேருந்திலுமாக அவனை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். விஷமுறிவு மருந்து இருந்ததால் பிழைத்தான். அவன் தந்தை என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. "வாத்தியாரய்யா, வளைக்குள் கை வைக்கக் கூடாதென்றுதானே பெரியவர்கள் கிட்டி வைத்தார்கள்" என்று மட்டும் கூறினார். அந்த ஒரு வாக்கியந்தான் இப்பொருளில் நான் கற்ற முதல் பாடம்.

கிட்டி என்பது யாது? தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண் துறையினர் கூறும் வில்பொறிதான் அது. மூங்கிலை வில்போல் வளைத்து, நாண்கயிறு பூட்டி, இரை வைத்து, வரப்போரம் எலி நடக்கும் தடத்தில் மாலையில் ஊன்றுவார்கள். எலி இரையைத் தொட்டதும் பூட்டு விடுபட்டு, நாண் அதன் கழுத்தை நெருக்கும். விடியலில் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஓசை இல்லை, நஞ்சு இல்லை, மனிதன் அருகில் நிற்க வேண்டியதும் இல்லை.

நம் வயல் எலி இரவில் உலவுவது. வளர்ந்த நெற்பயிரின் மறைவில் தூரோடு அறுத்து, கதிரை இழுத்துச்சென்று வளைக்குள் சேர்த்து வைப்பது. கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு சுடுவது? தெரிந்தாலும், நம் நிலங்கள் ஏக்கர்க் கணக்கிலும் குழிக் கணக்கிலும் துண்டுபட்டவை. ஒருவர் வயலில் புறப்படும் குண்டு பத்துப் பேர் வயலைக் கடந்து போகும். அடுத்த வயலில் களை எடுப்போர் இருப்பர். அதற்கடுத்த கரையில் மாடு மேயும். இரவில் நீர் பாய்ச்சுவோரும் உண்டு. அகன்ற வெளியில் துப்பாக்கி பிறந்தது. நெருங்கிய வரப்பில் கிட்டி பிறந்தது. ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கூறுவதற்கில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் ஆயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. இந்த வேற்றுமை நம் தலைவர்களின் உள்ளத்தைச் சுட்டது. 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மகாசபை, அடிப்படை உரிமைகளைத் தொகுத்தபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது.

விடுதலைக்குப் பின்பு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. என் மாணவரின் கேள்விக்கு நேரான விடை அச்சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. பயிர்க்காவலுக்கென்று அது குறிப்பிடுவது, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கியை. 0.22 ரைபிளையோ அச்சட்டம் வேறிடத்தில் குறிக்கிறது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக வைத்திருக்கும் கருவி என்பது அதன் இடம். காட்டுத் துப்பாக்கியின் ரவை சிறிது தூரத்தில் வலுவிழந்து விழும். ரைபிளின் குண்டு ஊரைத் தாண்டிப் போகும். இந்த வேறுபாட்டை நினைத்தால் அப்பிரிவின் பொருத்தம் விளங்கும். அங்கே தரை அணிலுக்குரிய தோட்டா, இங்கே பலகை இலக்குக்குரிய தோட்டா ஆயிற்று.

அந்தப் பலகை இலக்கை உங்களிற் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். 1948இல் தொடங்கப்பெற்ற தேசிய மாணவர் படையில் 0.22 ரைபிளால்தான் மாணவர்கள் சுடப் பழகுகிறார்கள். நானும் கல்லூரி நாட்களில் அப்படைச் சீருடை அணிந்தவன்தான். குப்புறப் படுத்து முதல் தோட்டாவைச் செலுத்தும் முன் எங்கள் ஹவில்தார் கேட்ட கேள்வி இன்னும் செவியில் நிற்கிறது: "குறி தெரிகிறதா என்று கேட்கவில்லை. குறிக்குப் பின்னால் என்ன தெரிகிறது?" "மண்மேடு" என்று விடை வந்த பின்புதான் சுட அனுமதித்தார். 1951இல் இந்திய தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதற்கு முதல் தலைவர். அவர்கள் ஊன்றிய வித்து வீண்போகவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டி, 1887ஆம் ஆண்டின் அதே லாங் ரைபிள் தோட்டாவால் ஆடப்படுவது. அந்த இலக்கின் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. பிளோபேர் விளையாட்டுக்கென்று செய்த சிற்றுரு, அவர் வாழ்ந்த அதே நாட்டில் விளையாட்டாகவே நமக்குப் பதக்கம் தந்தது ஒரு வரலாற்றுப் பொருத்தம் அன்றோ!

துப்பாக்கி நம் பக்கத்துக்கு வரவே இல்லை என்று நான் கூறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இது. பன்றி வேட்டைக்குப் பேர்போன இராஜபாளையம் நாய், வேட்டை இம்மண்ணின் பழக்கமாய் இருந்ததற்குச் சான்று; 2005இல் இந்திய அஞ்சல் துறை அதன் உருவத்தைத் தபால்தலையில் வெளியிட்டுச் சிறப்பித்தது. ஆனால் வேட்டையாலும் காடு குறைந்ததாலும் மலையுயிர்கள் அருகின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணில்களுக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தரையில் இறங்காமல், கிளையோடு கிளை கோத்த மரமுடிகளின் வழியே செல்லும் பெரிய அணில் அது. மரம் ஒன்று வீழ்ந்தால் அதன் சாலை அறுந்துபோகும். 2021இல் அக்காடு மேகமலையோடு இணைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. ஒரு நாட்டில் அணிலுக்குத் தோட்டா தேடுகிறார்கள். இன்னொரு நாட்டில் அணிலுக்குக் காடு ஒதுக்குகிறார்கள். இரண்டும் அணிலே. ஒன்று பெருகிப் பயிரைத் தின்பது. மற்றொன்று அருகி மறையும் நிலையில் இருப்பது. உயிரின் பெயரை வைத்தன்று, அதன் நிலையை வைத்தே சட்டம் அமைகிறது.

எலிக்கும் இந்தச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர் என்ற வகையில் எலியும் சுண்டெலியும் காக்கையும் பழந்தின்னி வௌவாலும் வைக்கப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, அந்த அட்டவணையே நீங்கிற்று. ஓர் உயிரைத் தீங்குயிர் என்று கருத வேண்டுமானால், இடமும் காலமும் குறித்து அரசு தனியே அறிவிக்க வேண்டும் என்பது இப்போதைய முறை.

என் மாணவச் சிறுவனைக் காத்த மருந்தைப் பற்றியும் ஒரு சொல். விஷமுறிவு மருந்து பாம்பின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுகிறது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாக எலியையும் பாம்பையும் தடம்பார்த்துப் பிடிப்பவர்கள். பாம்புத் தோல் வாணிகம் தடைபட்டு அவர்கள் பிழைப்பிழந்த வேளையில், 1978இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து மருந்து செய்வோருக்கு வழங்குவது அதன் பணி. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று கூறவல்ல அறிவு அவர்களுடையது. பத்து வாலுக்கு ஒரு பென்சில் என்று அறிவித்த அன்று, அந்த அறிவில் ஒரு துளியேனும் எனக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இன்று வேளாண் அறிஞர் உழவருக்குக் கூறுவதும் பழைய வழியை ஒட்டியதே. வரப்பைக் குறுகலாக வை; வளையைக் காலத்தே வெட்டி மூடு; கிட்டி வை; வயலில் குறுக்குக் கழி நட்டுக் கூகையும் ஆந்தையும் வந்து அமர இடம் கொடு. கூகையின் குரலைத் தீக்குறி என்று கல்லெறிந்து விரட்டும் வீட்டில் எலி கொழுக்கிறது. சாரைப்பாம்பை அடித்துக் கொல்லும் ஊரில் நெல் குறைகிறது.

கடைசியாக என் மாணவருக்கு எழுதிய விடையைக் கூறி முடிக்கிறேன். "தம்பி, 50 மீட்டருக்குள் சுடுவதானால் லாங் ரைபிளே போதும், 100 மீட்டரானால் 0.17 தோட்டாவே முறை, ஏனெனில் அரைகுறையாய்க் காயப்படுத்துவது உழவனுக்கு அழகன்று. ஈயம் கலவாத குண்டு கிடைத்தால் அதையே வாங்கு. சுட்ட அணிலைப் பருந்து தின்னும். ஆந்தை குடியிருக்கும் வளைப்பக்கம் துப்பாக்கியைக் கொண்டுபோகாதே. பிள்ளைகளிடம் வால் கணக்குக் கேட்காதே. தோட்டாவைத் தேர்வதற்கு முன்னால் எங்கள் ஹவில்தாரின் கேள்வியை உன்னையே கேட்டுக்கொள்: குறிக்குப் பின்னால் என்ன தெரிகிறது?"

நண்பர்களே, அக்கேள்வி துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. நஞ்சை வயலில் வைப்பவனும், வளையில் கைவிடும்படி பிள்ளையை அனுப்பும் ஆசிரியனும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர்களே. அதை நான் காலம் தாழ்ந்து கற்றேன். நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.